வீட்டுக் கணக்கும் ஊர் ஆஸ்பத்திரியும்



கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாக வந்து, "வீட்டில் எத்தனை பேர்? யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா? எத்தனை மாதம்?" என்று கேட்டு எழுதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். "இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?" என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தப் பதிவேட்டில் ஏறும் எண்களைக் கொண்டுதான் உங்கள் பகுதிக்கு எவ்வளவு மருந்து, எத்தனை படுக்கை, எத்தனை செவிலியர் வேண்டும் என்று திட்டமிடப்படுகிறது.

கணக்குப் போடும் முறை

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது பொது அளவு. மலைப்பகுதியில் இது முறையே 3,000, 20,000. தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு 13.8 பிறப்புகள் என்று மாதிரிப் பதிவுத் திட்டம் கணக்கிட்டது. அதன்படி 5,000 பேர் உள்ள பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 69 குழந்தைகள் பிறக்கும். கருச்சிதைவுகளுக்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 76 கர்ப்பிணிகள். இதிலிருந்து மற்றவை கிடைக்கும்:

1. இரும்புச்சத்து மாத்திரை: கர்ப்ப காலத்தில் ஒருவருக்கு 180 வீதம் 76 பேருக்கு 13,680. பிரசவத்திற்குப் பின்னும் 180 நாட்களுக்கு வேண்டும்.

2. பெண்டாவேலன்ட் தடுப்பூசி: 6, 10, 14-ஆம் வாரங்களில் மூன்று தவணை. 69 குழந்தைகளுக்கு 207 தவணை.

3. சிக்கலான பிரசவம்: நூற்றுக்கு 15 பேருக்குச் சிக்கல் வரலாம் என்று கொள்வது வழக்கம். அப்படியானால் இங்கே சுமார் 10 தாய்மார்கள். இவர்களுக்கு வண்டியும், ரத்தமும், அறுவை சிகிச்சை வசதியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கணக்கு எங்கே தவறுகிறது?

மேலே சொன்னது சராசரிதான். உங்கள் ஊரின் உண்மை நிலையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முக்கியமாகத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு போகிறாள். பெயர் இருப்பதோ புகுந்த ஊர்ப் பதிவேட்டில். இங்கே அவளுக்காக மருந்து காத்திருக்கும். அங்கே அவள் வந்ததே தெரியாது.

ஒரு மாமியார் கேட்டார்: "ஏம்மா நர்ஸம்மா, பேரு பதிஞ்சாச்சே, அம்மா வீட்டுக்குப் போறதைக்கூடவா சொல்லணும்?"

செவிலியர் சொன்னார்: "ஆமாங்கம்மா. உங்க மருமகளுக்கு ரத்தம் கம்மியா இருக்கு. அந்த ஊரு நர்ஸுக்கு நான் இப்பவே சொல்லிவைக்கணும். வலி எடுத்தப்புறம் தெரிஞ்சா, ரத்தம் ஏற்பாடு பண்ண நேரம் இருக்காதுங்க."

பிறப்பு, குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவாகும். சில மாதம் கழித்துத் தாயும் சேயும் புகுந்த ஊர் திரும்புவார்கள். தடுப்பூசி அங்கேதான் தேவை. ஆகவே திரும்பி வந்ததையும் சொல்லிவிடுங்கள்.

"கண்ணு பட்டுடும், மூணு மாசம் ஆகட்டும்" என்று தள்ளிப்போடுவதும் உண்டு. 12 வாரத்திற்குள் பதிந்தால்தான் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றை முன்கூட்டியே கண்டறிந்து, எங்கே பிரசவம் பார்ப்பது என்று முடிவு செய்ய முடியும்.

குழந்தை இறந்து பிறந்தாலோ, சில நாளில் தவறிப்போனாலோ, சொல்ல மனம் வராது. அது இயல்பே. ஆனால் மறைக்கப்பட்ட இறப்பு எந்தக் கணக்கிலும் வராது. எதனால் போயிற்று, எந்த வசதி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பார்க்கவும் வழியில்லாமல் போகும். அடுத்த தாய்க்கும் அதே குறைதான் காத்திருக்கும்.

நினைவில் கொள்ளுங்கள்

- நாள் தள்ளிப்போனதும் செவிலியரிடம் சொல்லுங்கள். பிக்மி எண் பெறுங்கள்.
- தாய்வீடு போகுமுன் இரண்டு ஊர்ச் செவிலியருக்கும் தெரிவியுங்கள். தாய்-சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.
- பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாட்களுக்குள் பதியுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம்.
- சூளை வேலைக்கோ, கரும்பு வெட்டவோ வெளியூர் போனால், போன இடத்திலும் சொல்லுங்கள்.

மறைக்காமல் சொல்வோம்! தாயையும் சேயையும் காப்போம்!