பிங்குக்குப் பதில் சொன்னது யார்?

போன செமஸ்டரில் எங்க டிபார்ட்மெண்ட் லேபில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு சர்வரா வச்சிருந்தோம். மினி புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் அப்லோட் பண்ணணும். கடைசி நாளுக்கு 3 நாள் முன்னாடி அது மக்கர் பண்ண ஆரம்பிச்சது. 10 நிமிஷம் ஓடும், 5 நிமிஷம் ஓடாது. ஹாஸ்டலில் இருக்கிறவனுக்கு சைட் வராது. அதே நேரத்தில் லேபில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வரும்.

என்னோடு சேர்ந்து சர்வரைப் பார்த்துக்கிட்டது ஒரு தர்ட் இயர் தம்பி. முந்தின நாள்தான் அவன் என்ஜின்எக்ஸ் செட்டிங்கை மாத்தியிருந்தான். "நீ தொட்டதுக்கு அப்புறம்தான்டா இப்படி ஆச்சு"ன்னு குரூப்பிலேயே போட்டுட்டேன். அவன் எதுவும் பேசாமல் எல்லாத்தையும் பழையபடி வச்சான். அப்பவும் அதே கதைதான்.

இந்த மாதிரி விட்டு விட்டு வரும் பிரச்சினையை எப்படிப் பிடிக்கிறது? நாங்க போன வழியையும், நான் சறுக்கின இடங்களையும் வரிசையா சொல்றேன்.

முதல் படி, கேபிள். நெட்வொர்க் பிரச்சினையைக் கீழிருந்து மேலே பார்க்கணும். ஈத்டூல் கட்டளை லிங்க் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் காட்டும். எங்களுக்கு 1000 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ். அடுத்து, இன்டர்ஃபேஸின் எரர், டிராப் எண்களை ஒரு நிமிஷ இடைவெளியில் 2 தடவை பாருங்க. எரர் எண் ஏறிக்கிட்டே போனால் கேபிள், போர்ட், நெட்வொர்க் கார்டு மேல் சந்தேகப்படலாம். எங்களுக்கு ஏறவே இல்லை. கெர்னல் லாகிலும் லிங்க் அறுந்ததா ஒரு வரிகூட இல்லை. ஆக, கேபிள் ஓகே.

இரண்டாவது படி, பிங். என் லேப்டாப்பிலிருந்து 500 பிங் விட்டேன், ஒண்ணுகூடத் தொலையலை. ஆனா அதே நேரத்தில் பிரவுசரில் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு". "நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு, தப்பு சாஃப்ட்வேரில்தான்"னு முடிவு கட்டினேன். முதல் சறுக்கல் இதுதான்.

இரண்டாவது சறுக்கல், ரீஸ்டார்ட். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடும். அதனால் சர்வருக்குள்ளேதான் கோளாறுன்னு இன்னும் உறுதியா நம்பினேன்.

மூணாவதுதான் பெரிய சறுக்கல். எஸ்எஸ்ஹெச் போடும்போது "ஹோஸ்ட் கீ மாறியிருக்கு"ன்னு ஒரு எச்சரிக்கை வந்தது. படிக்காமலே பழைய கீயை அழிச்சுட்டு உள்ளே போகப் பார்த்தேன். பாஸ்வேர்டு ஏற்கலை. "தம்பி பாஸ்வேர்டையும் மாத்திட்டானா?"ன்னு அவன் மேல் இன்னொரு கோபம்.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது அவன்தான். சர்வர் முன்னாடி உட்கார்ந்து டிசிபிடம்ப் ஓட விட்டான். சைட் போன நேரத்தில் எனக்கு போன் பண்ணினான்: "அண்ணா, உங்களுக்கு பிங் வருதா?" "வருதுடா." "இங்கே உங்க பாக்கெட் ஒண்ணுகூட வரலையே அண்ணா. அப்போ உங்களுக்குப் பதில் சொல்றது யாரு?"

கிளாஸில் பிராக்ஸி கொடுக்கிற மாதிரிதான். ரோல் நம்பருக்கு "பிரசன்ட் சார்"னு ஒரு குரல் வந்தா, யாரோ இருக்காங்கன்னு மட்டும்தான் அர்த்தம். அந்த ஆள்தான் இருக்கான்னு அர்த்தம் இல்லை.

இதுக்குப் பின்னாடி இருக்கிறது ஏஆர்பி. லோக்கல் நெட்வொர்க்கில் பாக்கெட் போக ஐபி முகவரி மட்டும் போதாது, மேக் முகவரியும் வேணும். "இந்த ஐபி யாரோடது?"ன்னு எல்லோரையும் கேட்டு, வந்த பதிலைக் கருவி தன் அட்டவணையில் எழுதி வச்சுக்கும். 1982-ல் ஆர்எஃப்சி 826-ல் வரையறுத்த முறை இது. பதில் சொன்னது உண்மையான ஆளான்னு சோதிக்கிற ஏற்பாடு அதில் கிடையாது. ஒரே ஐபியை 2 கருவிகள் வச்சிருந்தா ரெண்டும் பதில் சொல்லும். அட்டவணையில் எது பதிவாகுதோ அதுக்குத்தான் பாக்கெட் போகும். லினக்ஸில் இந்தப் பதிவு இயல்பா 15 முதல் 45 விநாடி வரைதான் புதுசா இருக்கும், அப்புறம் மறுபடி சரிபார்க்கும். சில ரவுட்டர்களில் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நேரத்தில் சைட் போனது அதனால்தான். ரீஸ்டார்ட் ஆனதும் சர்வர் புதுசா ஏஆர்பி செய்திகள் அனுப்பும். அதைக் கேட்ட கருவிகள் அட்டவணையைத் திருத்திக்கும். கொஞ்ச நேரம் ஓடினதுக்குக் காரணம் அவ்வளவுதான்.

லேபில் இன்னொரு மெஷினிலிருந்து ஆர்பிங் கட்டளை போட்டோம். ஒரே ஐபிக்கு 2 மேக் முகவரிகள் பதில் சொன்னது. மேக் முகவரியின் முதல் 3 பைட்டை வச்சுத் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்கலாம். தேடினால் ராஸ்பெரி பை! எந்த சுவிட்ச் போர்ட்டில் அந்த மேக் இருக்குன்னு லேப் அண்ணா பார்த்துச் சொன்னார். கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போனால் செகண்ட் இயர் பசங்களோட ஐஓடி புராஜெக்ட். அதில் எஸ்எஸ்ஹெச் இருந்தது, வெப் சர்வர் இல்லை. அதனால்தான் பிங் வந்தது, சைட் வரலை, என் பாஸ்வேர்டும் செல்லலை.

"இந்த ஐபியை யாருப்பா போடச் சொன்னது?"ன்னு கேட்டேன். ஒரு பையன் ஒரு பிடிஎஃப்பைக் காட்டினான். ஜூனியர்களுக்காக நான் எழுதின செட்டப் கைடு. உதாரணத்துக்குன்னு எங்க சர்வரோட நிஜ ஐபியையே அதில் போட்டு வச்சிருந்தேன். பசங்க வரிக்கு வரி அப்படியே செஞ்சிருக்காங்க.

பைக்கு வேற ஐபி கொடுத்தோம், பிரச்சினை அன்னைக்கே தீர்ந்தது. கைடையும் திருத்தினேன். உதாரணங்களில் போடுறதுக்காகவே 192.0.2.0 முதல் 192.0.2.255 வரையுள்ள முகவரிகளை ஒதுக்கி வச்சிருக்காங்க, ஆர்எஃப்சி 5737, 2010. நீங்க கைடு எழுதினா இதையே போடுங்க. அதோட, சர்வருக்குக் கையால் கொடுத்த ஐபி, டிஹெச்சிபி பகிர்ந்து கொடுக்கிற வரம்புக்குள் விழாமல் பார்த்துக்கோங்க.

உங்க சர்வர் விட்டு விட்டு வந்தா, ரீஸ்டார்ட் பட்டனைத் தொடும் முன்னாடி இதைச் செய்யுங்க:

1. எப்போ போச்சு, யாருக்குப் போச்சு, எங்கிருந்து போச்சுன்னு எழுதுங்க.
2. பிழைச் செய்தியை முழுசா படிங்க. "ரெஃப்யூஸ்டு"ன்னா பெரும்பாலும் யாரோ ஒருத்தர் மறுத்திருக்கார். "டைம் அவுட்"னா பதிலே வரலை.
3. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பாருங்க. அனுப்பினது அங்கே வந்து சேருதா?
4. ஆர்பிங் போட்டு, எத்தனை மேக் பதில் சொல்லுதுன்னு எண்ணுங்க.
5. ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க.

ஆறாவது ஒண்ணு இருக்கு. ஆதாரம் கிடைக்கும் வரை யார் மேலேயும் பழி போடாதீங்க. குரூப்பில் திட்டினவன், குரூப்பிலேயே சாரி சொன்னேன். தம்பி ஒரு ஸ்மைலி மட்டும் போட்டான். இப்போ சர்வர் முழுக்க அவன் பொறுப்பில்தான் இருக்கு.