போகும் வளாகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வசிக்கிறோம். மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறான். பக்கத்திலுள்ள ஓலோனி கல்லூரியில் இரண்டு வருடம் பிசினஸ் அசோசியேட் டிகிரி படித்துவிட்டு, யுசி பெர்க்லிக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறான். ஊரில் சொன்னால், ‘அது என்ன, டிப்ளமாவா?’ என்கிறார்கள். கணவர் எச்-1பி, நானும் மகனும் எச்-4. சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் குடியிருக்கும் எச்-4 மாணவர்கள் மாநிலவாசிக் கட்டணம் பெற முடியும். அந்தக் கணக்கில் ஓலோனி போன்ற கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பட்டத்துக்கு 60 யூனிட், ஆக 2,760 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. யுசியில் ஓராண்டுக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும். டிப்ளமாவா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், குரல் இறங்கிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிசினஸில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு விதமான அசோசியேட் பட்டங்கள் உண்டு. ‘ஃபார் டிரான்ஸ்ஃபர்’ என்று முடியும் பட்டத்துக்கு, 2010-இல் வந்த மாநிலச் சட்டப்படி, கால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆனால் எந்த வளாகம் என்பதற்கு உறுதி கிடையாது. சான் ஹோசே கேட்டவருக்கு வேறு ஊர் வரலாம். பெர்க்லியோ யுசி என்ற வேறு பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்தது. அங்கே இந்த உறுதி செல்லாது.

யுசி பார்ப்பது பாடங்களையும் மதிப்பெண்களையும். அசோசியேட் பட்டம் வாங்காமலே மாறிப் போகிறவர்களும் உண்டு. பொதுவாக அக்கவுண்டிங் இரண்டு, மைக்ரோ, மேக்ரோ எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கால்குலஸ் கேட்பார்கள். கால்குலஸில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிசினஸ் மாணவர்களுக்கான எளிய கால்குலஸை ஒரு வளாகம் ஏற்கும், இன்னொன்று முழு வரிசையையும் கேட்கும். ஓலோனியின் எந்தப் பாடத்தை எந்த வளாகம் ஏற்கும் என்பது ‘அசிஸ்ட்’ என்ற அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கிறது. வகுப்புக்குப் பதியும் முன்பே மகனும் கல்லூரி கவுன்சலரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு நேரமில்லை: யுசி விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே வந்துவிடும். அப்போது கையில் இருப்பது முதல் ஆண்டு மதிப்பெண்தான்.

விசாவையும் இப்போதே யோசிக்க வேண்டும்: எச்-4 பிள்ளைக்கு 21 வயதோடு அந்த விசா முடிகிறது. மாறிப்போன பல்கலைக்கழகத்தில் நடு வருடத்தில் அது வரலாம். எஃப்-1 விசாவுக்கு மாறினால் மாநிலவாசிக் கட்டணம் பற்றிய கேள்வியும் எழும். மகன் பிறந்த தேதியை வைத்து இப்போதே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். படிப்பை முடிக்காமல் இந்தியா திரும்பினால், இந்த இரண்டு வருடப் பட்டத்தை அங்கே பி.காமுக்கு ஈடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெர்க்லியின் ஹாஸ் பிசினஸ் பள்ளியில் போட்டி கடுமை. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ‘டேக்’ என்ற சேர்க்கை உறுதித் திட்டம் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அதில் இல்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் கேட்கலாம். எல்லாப் படிப்புக்கும் கிடைக்காது, மதிப்பெண் வரம்பும் மாறும். அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டுமே.