புராஸ்டேட்டுக்கு நீராவி: பயமும் நிஜமும்

இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்து போவதை, வயதானால் அப்படித்தான் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளும் ஆண்கள் ஏராளம். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், ஆபரேஷனுக்கும் பயந்து நிற்பவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: பெருத்த புராஸ்டேட் சுரப்பியை நீராவியால் சுருக்கும் 'ரெஸூம்' சிகிச்சை. அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்றது.

நம்பிக்கை: உடம்புச் சூட்டால்தான் நீர் அடைக்கிறது. இதில் மேலும் சூடு வைத்தால் உள்ளே வெந்துபோகும்.

அடைப்புக்கும் உடம்புச் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. வயது ஏற ஏற, ஹார்மோன்களின் தூண்டுதலால் புராஸ்டேட் பெருத்து, தன் நடுவே போகும் சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது. இளநீரும் வெந்தயமும் அந்த நெருக்கலைத் தளர்த்தாது. சிகிச்சையில் மருத்துவர் சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தி, கேமராவில் பார்த்தபடியே பெருத்த சதைக்குள் ஊசியை இறக்குகிறார். ஓரிடத்தில் 9 விநாடிதான் ஆவி பாயும். அது சதைக்குள் குளிர்ந்து நீராகும்போது வெளியாகும் வெப்பமே செல்களைச் சாகடிக்கிறது. குழாயின் உட்சுவர் வெந்துவிடாமல் இருக்க, கூடவே உப்புநீர் ஓடிக்கொண்டிருக்கும்.

பயத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. புராஸ்டேட்டுக்கு முன்பு புழங்கிய மைக்ரோவேவ் சிகிச்சையில் சிலருக்குக் கடுமையான காயங்கள் ஏற்பட்டு, 2000-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அது வேறு கருவி, வேறு முறை.

நம்பிக்கை: செய்த அன்றே நீர் தாராளமாகப் போகும்.

எல்லாவற்றிலும் அதிகம் தொல்லை தருவது இந்த எதிர்பார்ப்புதான். இங்கே எதையும் வெட்டி எடுப்பதில்லை. செத்த சதையை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்ச வேண்டும். அதற்கு முன் அந்த இடம் வீங்கும். அதனால் சில நாட்கள் சிறுநீர் வடிய டியூப் போட வேண்டிவரும். அதை எடுத்த பிறகும் எரிச்சல், அடக்க முடியாத அவசரம், கொஞ்சம் ரத்தம் எல்லாம் இருக்கலாம். 2 வாரத்துக்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியத் தொடங்கும். முழுப் பலன் தெரிய 3 மாதமாகும். முதல் வாரத்திலேயே 'பணம் போச்சு' என்று மனமுடைந்து போகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? ஆனால் காய்ச்சல் வந்தாலோ, நீர் அடியோடு நின்றாலோ பொறுத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை: தாம்பத்தியம் அதோடு சரி.

கம்பி வழியாகச் சுரண்டி எடுக்கும் வழக்கமான ஆபரேஷனுக்குப் பின், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. நீராவி முறையில் அது அரிது. விறைப்புத் தன்மையும் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை.

நம்பிக்கை: இனி புற்றுநோய் பயம் இல்லை.

புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது சுரப்பியின் வெளிப்பகுதியில். நீராவி அதைத் தொடுவதே இல்லை. பரிசோதனைக்கு அனுப்பச் சதைத் துண்டும் கிடைக்காது. ஆகவே புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனையைச் சிகிச்சைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், பிறகும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும்.

நம்பிக்கை: எல்லாருக்கும் பொருந்தும், ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும்.

அமெரிக்காவில் நடந்த முக்கிய ஆய்வில் 30 முதல் 80 மில்லி வரை அளவுள்ள புராஸ்டேட்டுக்கே இதைச் செய்தார்கள். அதிலும் 5 ஆண்டுக்குள் 100-க்கு 4 பேருக்கு மறுபடி ஒரு சிகிச்சை தேவைப்பட்டது; 11 பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.