காணொளிக் கூட்டம்: படத்தைவிடக் குரலே முக்கியம்



சென்னையில் அலுவலகம், ஆம்பூரில் தொழிற்கூடம், துபாயில் கிளை என்று பல ஊர்களில் பரவி இயங்கும் நிறுவனங்களில் காணொளிக் கூட்டம் அன்றாடத் தேவையாகிவிட்டது. அதற்கான ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய திரை, விலை உயர்ந்த கேமரா என்று படத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். படம் மங்கினாலும் பேச்சு தொடரும். குரல் விட்டுவிட்டு வந்தால் கூட்டமே நடக்காது.

இணைப்பு சரியில்லாத ஊழியர் இரண்டு முறை "கேட்கவில்லை" என்று சொல்வார். மூன்றாம் முறை பேசாமல் இருந்துவிடுவார். சரக்கு எப்போது தயாராகும் என்பதை அறிந்தவர் அவராகவே இருக்கலாம். அவரைக் கேட்காமலே முடிவு எழுதப்பட்டுவிடும். ஆகவே, மிகப் பலவீனமான இணைப்பில் இருப்பவருக்கு எது ஒத்துவருமோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான வழிமுறைகளைப் பார்ப்போம்.

1. யார், எங்கிருந்து பேசுகிறார்கள்?

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். யாரிடம் கணினி இருக்கிறது, யாரிடம் கைபேசி மட்டும் இருக்கிறது, யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குத் தடை இருந்துவருகிறது. ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவை அங்கே அனுமதிக்கப்பட்டுள்ளன. அங்குள்ள ஊழியரை விபிஎன் போட்டுப் பேசச் சொல்லிச் சட்டச் சிக்கலில் தள்ளிவிடாதீர்கள்.

2. எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

ஜூம் இலவசத் திட்டத்தில் 100 பேர் வரை சேரலாம். ஆனால் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். கூகுள் மீட் இலவசத் திட்டத்திலும் 100 பேர் சேரலாம்; மூன்று பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேரும் கூட்டத்துக்கு 60 நிமிடமே வரம்பு. வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை பேசலாம். இந்த வரம்புகள் மாறக்கூடியவை என்பதால் தொடங்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாரம் அரை மணி நேரம் கூடும் பத்துப் பேர் அலுவலகத்துக்குக் கட்டணத் திட்டம் தேவைப்படாது.

3. டேட்டா எவ்வளவு செலவாகும்?

வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் படம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி செலவாகும். குரல் மட்டும் என்றால் வினாடிக்கு 80 கிலோபிட் போதும். ஒரு மணி நேரத்துக்கு வெறும் 36 எம்பி. ஊழியர் தம் சொந்த டேட்டாவில் பேசுகிறார் என்றால் இந்த வேறுபாடு அவர் பணப்பையில் தெரியும். எனவே, கேமராவை அணைத்துக்கொள்வது மரியாதைக் குறைவல்ல என்பதை அலுவலகமே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

4. மைக்கும் அறையும்

தனியாகப் பேசுபவருக்கு வயர் உள்ள சாதாரண ஹெட்செட் போதும். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்தால் மடிக்கணினியின் மைக் எட்டாது. நடுவில் வைக்கும் ஸ்பீக்கர்ஃபோன் ஒன்று வாங்குங்கள். ஒரே அறையில் இரண்டு கருவிகளின் மைக்கும் ஸ்பீக்கரும் இயங்கினால் எதிரொலியும் ஊளைச் சத்தமும் வரும். ஒன்றைத் தவிர மற்றவற்றில் இரண்டையும் அணைத்துவிடுங்கள். வெற்றுச் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். திரைச்சீலையும் தரைவிரிப்பும் அதைக் குறைக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே மைக்கை வைக்காதீர்கள். மின்சாரம் போனாலும் இணைப்பு அறாமலிருக்க ரவுட்டரை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

5. பேசுவது அமானிதம்

சம்பளம், கடன், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் கூட்டத்தில் பேசப்படும். எனவே பாதுகாப்பைப் பற்றிய விளம்பர வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். மறையாக்கம் பற்றித் தவறான தகவல் தந்ததாக ஜூம் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் புகார் எழுப்பியது. 2020 நவம்பரில் அது உடன்பாட்டில் முடிந்தது. அந்த ஆண்டே ஜூம் முனைக்கு முனை மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. அதை நாமேதான் இயக்க வேண்டும். இயக்கினால் சாதாரணத் தொலைபேசி வழியாகச் சேரவோ, நிறுவனத்தின் சர்வரில் பதிவு செய்யவோ முடியாது. எந்தச் செயலியானாலும் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் வையுங்கள். எல்லோரிடமும் சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள்.

6. வாங்குமுன் சோதனை

இரண்டு வாரம் இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள். சோதனையை முதலாளியின் அறையில் செய்வதில் பயனில்லை. பழைய கைபேசியும் மெதுவான இணைப்பும் உள்ளவரிடம் செய்யுங்கள். ஒருவர் குரல் மறுமுனையை அடைய 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதம் மிகுந்தால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவது போலாகி வீண் மனக்கசப்பு வரும். சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "எல்லாம் கேட்டதா? சொல்ல நினைத்ததைச் சொல்ல முடிந்ததா?"

இரண்டுக்கும் "ஆம்" என்று கடைசி ஊழியரும் சொன்னால் அந்த ஏற்பாட்டுக்குப் பணம் கட்டுங்கள். ஒருவர் "இல்லை" என்றாலும், புதிய கேமரா வாங்கும் முன் அவருக்கு ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள்.