கால் கழுவும் கை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் இயேசு சீடர்களின் கால் கழுவும் காட்சியை வரையும் வேலை உனக்குக் கிடைத்ததை வாசித்து மனம் நிறைந்தது. "ஆண்டவரின் முகத்தில் அந்தத் தாழ்மையை எப்படிக் கொண்டுவருவது, சேர்?" என்று கேட்டிருந்தாய். முகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். அதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

தூரிகையைத் தொடுமுன் கண்டி டிரினிட்டி கல்லூரி ஆலயத்துக்கு ஒருமுறை போய் வா. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்திலேயே, கோதிக் கோபுரம் எழுப்பாமல், கண்டி இராசதானியின் சபா மண்டபத்தைப் போலச் செதுக்கிய கல்தூண்களை நிறுத்திக் கட்டிய ஆலயம் அது. அதிபர் பிரேசர் காலத்தில் உருவான எண்ணத்துக்கு வண. கேஸ்டர் வடிவம் கொடுத்தார், 1935இல் அர்ப்பணித்தார்கள். அதன் சுவர்களில் டேவிட் பெயின்டர் என்ற கலைஞர் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. 1928இல் தொடங்கினார். செபதேயுவின் பிள்ளைகளுடைய தாய், நல்ல சமாரியன், கால் கழுவுதல், சிலுவைப்பாடு என்று நான்கு காட்சிகள். எல்லாவற்றிலும் நம் நாட்டு முகங்கள், நம் வெயில் பட்ட தோல்.

பெயின்டரின் தந்தை ஆங்கிலேய மிஷனரி, தாய் சிங்களப் பெண். நுவரெலியாவில் அந்தக் குடும்பம் ஒரு பிள்ளைகள் இல்லத்தை நடத்தியது. வெள்ளைத் துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்து, யாரும் உரிமை கொண்டாடாமல் விட்ட குழந்தைகளுக்கு அங்கே சோறும் படிப்பும் கிடைத்தன. லண்டன் ரோயல் அகாடமியில் பயின்று, கொழும்பில் அரச நுண்கலைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு வரை போன டேவிட், பிற்காலத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பணியில்தான் தன்னை ஈடுபடுத்திக்கொண்டார். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியனைச் சுவரில் வரைந்தவர், அதே வேலையைத் தன் வாழ்விலும் செய்தார். அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

இனி என் கதை. எனக்கு இதைச் சொல்வது எளிதல்ல.

பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு தோட்டத்து ஆலயத்தில் இதே காட்சியை வரைந்தேன். தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பையன் உதவிக்கு வந்தான். பாசி பிடித்த சுவரைச் சுரண்டினான், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தான், மழை ஈரத்தில் ஏணி வழுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். பேதுருவின் காலுக்கு அவனையே உட்காரவைத்தேன். குதிகால் வெடிப்பு, அட்டை கடித்த தழும்பு, நகத்தோரத்துச் செம்மண் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வரைந்தேன். கூலியை மட்டும் சபைப் பணம் முழுவதும் வந்த பிறகு தருவதாகச் சொல்லித் தள்ளிப்போட்டேன். முன்பணம் என் சட்டைப்பையில் இருந்தது. அதில் கொழும்பிலிருந்து நல்ல தூரிகைகள் வாங்கினேன்.

மூன்றாவது சனிக்கிழமை அவனுடைய அம்மா வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்திருக்க வேண்டும், தலைத்துணிகூட அவிழ்க்கவில்லை. படத்தை நெடுநேரம் பார்த்தார். "மகன்ட கால் அப்படியே இருக்குங்க சேர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொழுந்து குறைஞ்சா எங்களுக்குத் தோட்டத்துல அரைப்பேராவது போடுவாங்க" என்றார். அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. அவ்வளவுதான். குரல் உயரவே இல்லை.

அன்று மாலையே முழுக் கூலியையும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. சுவரில் அந்தப் பையனின் காலை ஆண்டவரின் கையில் வைத்துவிட்டு, அவன் உழைப்புக்கு அரைப்பேரும் போடாதவன் நான். கூலிக்காரனின் காசைப் பொழுது சாயுமுன் கொடு என்று மோசேயின் நியாயப்பிரமாணம் சொல்கிறது. பிடித்துவைத்த கூலியே கடவுளிடம் கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. இரண்டும் எனக்கு மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

தம்பி, விசுவாசத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையில் விரிசல் விழுவது பெரிய சோதனைகளில் என்றுதான் நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது விழுவது சனிக்கிழமைக் கூலியில், 'அடுத்த கிழமை பார்ப்போம்' என்ற பேச்சில், நமக்குக் கீழே நிற்பவர் திருப்பிக் கேட்கமாட்டார் என்ற துணிச்சலில்.

சொன்னதைச் செய்து காட்டியவர்களை நம் கண்டி அறியும். ஆயர் லியோ நாணயக்கார 1972இல் கண்டி மறைமாவட்டத்தின் பொறுப்பை விட்டு, புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்துக்கு விரும்பிப் போனார். அதே வருடம் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதயா என்ற அமைப்பைத் தொடங்கினார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட நம் தோட்ட மக்களுக்காக வாழ்நாள் முழுவதும் பேசினார். தமிழரும் சிங்களவரும் சகோதரர் என்பதைப் பிரசங்கத்தோடு நிறுத்தாமல், இரு தரப்பாரையும் சேர்த்துவைத்தே வேலை செய்தார்.

உன்னால் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. உதவிக்கு வரும் பிள்ளையின் கூலியை முதல் நாளே பேசி முடித்துக்கொள். சபை தந்தாலும் தராவிட்டாலும் அன்றன்று மாலையில் கொடு. யாருடைய முகத்தையோ காலையோ வரைவதென்றால் முதலில் அவரிடம் அனுமதி கேள். வரைந்ததை அவருக்கே முதலில் காட்டு. சாப்பாட்டு வேளையில் உதவிக்கு வந்த பிள்ளையை வாசற்படியில் விட்டுவிட்டு நீ உள்ளே உட்காராதே.

பெரிய வியாழனுக்குள் வேலை முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். நானும் வருகிறேன். அந்தப் பிள்ளையும் அவன் வீட்டாரும் அன்று முன்வாங்கில் இருக்கட்டும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உன் படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
உன் ஓவிய ஆசிரியன்