ஐகானுக்கு அடியில் இரண்டு சொல்
கேரளத்தின் சின்னக்கானலில் தங்கும் விடுதிக்கு இணையதளம் அமைக்கிறீர்களா? யானைப் படம் போட்ட ஐகான் ஒன்று வைத்தால், சுற்றுலாப் பயணிக்கு அது 'யானை பார்க்கலாம்'. ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் வனத்துறை பிடித்துச் சென்ற ஊரின் மக்களுக்கோ அது 'எச்சரிக்கை'. எனவே ஐகானுக்கு அடியில் இரண்டு சொல் எழுதிவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 1951-52 பொதுத்தேர்தலில் வந்த சின்னங்கள்கூட, இன்றைய வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் பெயரோடுதான் நிற்கின்றன.

செல்போன் திரையில் இடம் ஏது என்பீர்கள். அப்படியானால் ஐகான்களைக் குறையுங்கள், எழுத்தை அல்ல. தமிழர், மலையாளி, வடநாட்டவர் எல்லோருக்கும் படமே பொதுமொழி என்பதும் பாதி உண்மைதான்: தொலைபேசி, பூதக்கண்ணாடி போன்ற பழகிய படங்களுக்கு அது பொருந்தும்; இதயப் படம் 'பிடித்திருக்கிறது' என்கிறதா, 'சேமித்து வை' என்கிறதா? மொழி மாற்றும் பொத்தானில் கொடி வேண்டாம். 'தமிழ்', 'മലയാളം' என அந்தந்த எழுத்திலேயே போடுங்கள். விரல் படும் இடம் சுமார் 48 பிக்சல் இருக்கட்டும். பின்னணியோடு ஐகானின் ஒளிர்வு வேறுபாடு (contrast) 3:1க்குக் குறைய வேண்டாம். கடைசியில், தளத்தைப் பார்த்திராத ஒருவரிடம் சொற்களை மறைத்துக் காட்டுங்கள். அவர் தயங்கும் ஐகானை மாற்றுங்கள்.