கப்பலேறிய கூலி

சென்னையிலிருந்து புறப்படும் பயணியர் கப்பல் ஏறத்தாழ மூன்று நாள்களில் போர்ட் பிளேரின் ஹேடோ துறையை அடைகிறது. 2024ஆம் ஆண்டு இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டப்பட்டது. கப்பலில் வருவோருள் கொத்தனார், தச்சர், சித்தாள் எனப் பலர் உள்ளனர். அவர்கள் ஏன் ஊரை விட்டு வருகின்றனர்?

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 30,971, 2011இல் 3,80,581. வங்காளக் குடியேறிகள், ராஞ்சித் தொழிலாளர், தெலுங்கர், தமிழர் எனப் பலரும் வந்து சேர்ந்தனர். நகரம் வளர வளரச் சாலைக்கும் பள்ளிக்கும் குடியிருப்புக்கும் ஆள் தேவைப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின், தீவுகளெங்கும் வீடுகளை மீண்டும் கட்டும் பணி அத்தேவையைப் பெருக்கிற்று. வேலை மிகுந்து ஆள் குறைந்த இடத்தில் கூலி உயரும்.

ஊரின் நிலை வேறு. இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் கண்மாய் நிறைந்தால்தான் ஒரு போக நெல் விளையும்; மற்ற மாதங்களில் கரிமூட்டம் போடுவதே பலருக்கு வேலை. அத்தகைய ஊர் ஒன்றில் நடவுக்கும் அறுவடைக்கும் இருபது பேர் இருந்தனர் எனக் கொள்க. எண்மர் நகரம் சென்றால், எஞ்சிய பன்னிருவரையே நிலமுடையோர் அனைவரும் அழைப்பர். நேற்றுவரை கொடுத்ததை வாங்கியவர், இன்று தம் கூலியைத் தாமே சொல்வர். நகரத்தைக் கண்ணாலும் காணாதவரின் கூலியை நகரம் உயர்த்துவது இவ்வாறுதான். சென்றவரைப் பற்றிப் பேசுவோர் பலர். இருந்தவர் பெற்ற இப்பயனைக் கருதுவோர் சிலரே.

எனினும் இவ்வுயர்வு எந்நாளும் நிலைப்பதில்லை. கூலி மிகுந்தால் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும். கதிர் அறுத்த பெண்கள் வேலை இழப்பர். கூலி கொடுக்க இயலாத சிறு உழவர் நிலத்தைத் தரிசாக விட, அங்குச் சீமைக்கருவேலம் படரும்.

நகரம் வந்தவர் நிலையும் எளிதன்று. அரிசி, பருப்பு, சிமெண்டு முதலியன பெரும்பாலும் கடல் கடந்தே வருவதால் விலை மிகும். கூலியைக் கேட்டுக் கப்பலேறியவர், வாடகையைக் கேட்ட பின்னரே கணக்குப் பார்க்கின்றனர். மிஞ்சிய பணம் ஊருக்குச் செல்கிறது. அதனைக் கொண்டு ஓட்டுவீட்டைக் காரைவீடாக்க முனைந்தால், ஊரில் கொத்தனார் கிடைப்பதில்லை. அவரும் கப்பலில் இருக்கிறார்.

சொற்பொருள்: கண்மாய் – ஏரி, போகம் – விளைச்சல் பருவம், தரிசு – பயிரிடாத நிலம்.

வினாக்கள்
1. ஊரிலேயே தங்கியவரின் கூலி உயர்ந்தது எவ்வாறு?
2. அவ்வுயர்வு நிலைக்காமைக்குரிய காரணங்கள் யாவை?
3. உம் குடும்பத்தில் முதலில் கப்பலேறியவர் யார்? அவர் வந்த ஆண்டையும் செய்த தொழிலையும் பெரியோரிடம் கேட்டு எழுதுக.